சிவப்பு மிதவைக்கு அந்தப் பக்கம்

"ஒரு நிமிஷம் பொறுன்னு சொல்றேன்ல—"

"எத்தன நிமிஷம்? அந்தச் செவப்பு மிதவ நமக்கு முன்னால இருந்துச்சு. இப்ப பின்னால போயிருச்சு. போன எடுத்து மூணு ஒம்போது அடிங்க—"

"அடிச்சா மரின் போலீஸ் வருவான். வந்தா பேப்பர் கேப்பான். பிளாக்க கழட்டிட்டேன் லா, லோகா, கையெல்லாம் கரி—"

"பேப்பர் இல்லாமலா என்னைய ஏத்திக்கிட்டு வந்தீங்க?"

"இருக்கு. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுல இருக்கு."

லோகேஸ்வரி இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கணவனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கமலநாதனுக்கு அறுபத்து மூன்று வயது. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு அடி ஃபைபர் படகின் பின்புறம் மண்டியிட்டு, மேல்மூடி கழற்றிய நாற்பது குதிரைத்திறன் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. புகைமூட்டத்தில் வெயில் பித்தளை நிறத்தில் அடித்தது. தண்ணீர் வற்றத் தொடங்கிய நேரம். எஞ்சின் செத்த படகுக்குச் சொந்தமாக ஒரு திசை ஏது? தண்ணீர் இழுத்த பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அது இழுத்த பக்கம் கப்பல் வழி. கிள்ளான் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வந்து போகிற ஆழமான பாதை. இந்த ஓரம் சிவப்பு மிதவை, அந்த ஓரம் பச்சை மிதவை. சின்னப் படகுகள் சிவப்புக்கு இந்தப் பக்கமே இருக்க வேண்டும் என்று தெலுக் கோங் படகு ஜெட்டியில் ஏறும்போதே கமலநாதன் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது சிவப்பு மிதவைக்கு அந்தப் பக்கம் அவர்கள் நூறு அடி போயாகிவிட்டது.

நங்கூரம் போட்டுப் பார்த்தார்கள். ஆற்று முகத்தில் தூண்டில் போடுவதற்கான சின்ன நங்கூரம் அது. கயிறு முழுதும் இறங்கியும் தரை தட்டவில்லை. பள்ளிப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் மாதிரி அடியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. துடுப்பு ஒன்றுதான் இருந்தது. அதைப் போட்டால் படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்ததே தவிர ஒரு முழம் திரும்பவில்லை.

இத்தனைக்கும் இன்று அவள் வந்ததே ஒரு பேச்சுக்குக் கட்டுப்பட்டு. இரண்டு வருஷத்துக்கு முன் கமலநாதனுக்கு இதயத்தில் பைபாஸ் செய்தார்கள். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுத் தைத்திருந்தார்கள். கனமான எதையும் இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை லோகேஸ்வரி மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். அவரோ போன வருஷம் யாரோ விற்ற பழைய படகை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அவர் கடலுக்குப் போவதும், இவள் மத்தியானம்வரை போனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பதுமாக இருந்தது. சண்டை முற்றிப் போய், போன மாதம் ஸ்ரீ கெம்பாங்கானில் மகள் மலர் வீட்டில் வைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரே ஒரு தடவை என்கூட வந்து பார், வழியில் ஏதாவது ஒன்று ஆனால் அன்றைக்கே படகை விற்றுவிடுகிறேன், ஒன்றும் ஆகாமல் ஜெட்டிக்குத் திரும்பினால் அதற்குப் பிறகு நீ இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றார் அவர். மலர் சாட்சி.

ஜெட்டியிலிருந்து ஆற்றில் மெதுவாக வந்தவரைக்கும் எஞ்சின் பசுமாடு மாதிரி வந்தது. திறந்த கடலில் அவர் வேகத்தைக் கூட்டியதும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. பத்து நிமிஷம் இருக்கும். கமலநாதன் திரும்பிப் பார்த்து, இப்ப என்ன சொல்றே என்பது போலப் புருவத்தைத் தூக்கிய நேரத்தில்தான் சத்தம் மாறியது. யாரோ தொண்டையைப் பிடித்த மாதிரி எஞ்சின் கம்மியது. மூக்கு தண்ணீரில் இறங்கியது. வேகத்தைக் குறைத்தால் தேறியது, கூட்டினால் இருமியது. மூன்றாவது முறை இருமி நின்றேவிட்டது. கொஞ்ச நேரம் விட்டுக் கிளப்பினால் ஒரு நிமிஷம் ஓடி மறுபடி நின்றது.

முப்பத்திரண்டு வருஷம் சிக்னல் கம்பிகளோடு வாழ்ந்தவருக்கு உலகத்தில் எந்தக் கோளாறும் மின்சாரக் கோளாறுதான். எஞ்சினில் பொறி தருகிற பிளாக்கைக் கழற்றினார், துடைத்தார், பொறி வருகிறதா என்று பார்த்தார். நீலமாகத்தான் வந்தது. அதை நம்ப மனமில்லாமல் இரண்டாவதைக் கழற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை சாவியைத் திருப்பிப் பார்த்ததில் பேட்டரி களைத்துக்கொண்டே வந்தது. முதலில் சுறுசுறுப்பாகச் சுழன்ற சத்தம் இப்போது தூக்கக் கலக்கத்தில் பதில் சொல்கிற ஆள் மாதிரி இழுத்தது.

தெற்கே புகைமூட்டத்துக்குள் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. தீவு என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அது நகர்கிறது என்று புரிந்தது.

"என்னாங்க. கப்பல் வருது."

கமலநாதன் நிமிர்ந்து பார்த்தார். பார்த்த முகத்தில் அதுவரை இருந்த வீம்பு வடிந்து போனதை அவள் கண்டாள். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். மரின் போலீசுக்கு இல்லை, பண்டமாரானில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலாயுதத்துக்கு. சரி, இவர் அங்கே அடிக்கட்டும் என்று லோகேஸ்வரி தன் போனில் அவசர எண்ணான மூன்று ஒன்பதை அழுத்தினாள்.

இரண்டு போனும் ஒரே படகில் ஒரே நேரத்தில் பேசின. இவள் தனக்குத் தெரிந்த மலாயில், இரண்டு பேர் இருக்கிறோம், எஞ்சின் நின்றுவிட்டது, சிவப்பு மிதவையைத் தாண்டிவிட்டோம், எதிரே கப்பல் வருகிறது என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னாள். மிதவையில் என்ன எண் என்று கேட்டார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் படித்தாள். உயிர்காப்புச் சட்டை போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். போட்டிருக்கிறோம் என்றாள். கிளம்பும்போது அவர் மாட்டேன் என்றதும், அதற்கு ஒரு சண்டை போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டதும் நினைவுக்கு வந்தது. துறைமுகத்துக்கும் தகவல் சொல்கிறோம், படகு அனுப்புகிறோம், நாற்பது நிமிஷம் ஆகலாம் என்றார்கள்.

கப்பலுக்கு நாற்பது நிமிஷம் தேவைப்படாது என்பதை அவளிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேலாயுதத்தின் குரல் ஸ்பீக்கரில் கரகரத்தது. பின்னால் ஏதோ கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, பிளாக்க விடுங்க லா. பொறி வருதுன்னா வருதுதான். ஓடுது, கூட்டுனா சாவுதுன்னா அது எண்ண பிரச்சன, பெட்ரோலு சரியா வரல. முதல்ல தண்ணிக்குள்ள சுத்துற காத்தாடில கயிறு, பிளாஸ்டிக் ஏதும் சுத்தியிருக்கா பாருங்க."

எஞ்சினைச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் சுற்றியிருக்கவில்லை.

"சரி. டேங்குல இருந்து எஞ்சினுக்குப் போற பைப்புல நடுவுல ஒரு ரப்பர் உருண்ட இருக்கும்ல. அது எப்படி இருக்கு? கல்லு மாதிரியா, தொவண்டு போயா?"

கமலநாதன் அதைத் தடவிப் பார்த்தார். வற்றிப்போன மாம்பழக் கொட்டை மாதிரி இரு பக்கமும் ஒட்டிக் கிடந்தது. அமுக்கினார். அமுக்கியபடியே இருந்தது, எழும்பவில்லை.

"அப்ப எண்ண வரல. அண்ணே, டேங்கு மூடி மேல சின்னத் திருகு ஒண்ணு இருக்கு பாத்தீங்களா, அது தொறந்திருக்கா? சூசுப் பால் டின்னுல ஒரே ஓட்டை போட்டா பால் ஊத்துமா? ரெண்டாவது ஓட்டை வேணும்ல, காத்து போக? அந்த ரெண்டாவது ஓட்டைதான் அது. மூடிக் கிடந்தா எஞ்சின் உறிஞ்சி உறிஞ்சிப் பாத்துட்டு மூச்சு விட்டுரும்."

"அதெல்லாம் தெரியும் டா. காலையிலேயே ஜெட்டில நானே தொறந்தேன்."

"நிச்சயமா?"

"என்னாடா, நான் பொய்யா சொல்றேன்? நல்லா இறுகிக் கெடந்துச்சு. இடுக்கி போட்டுத் தொறந்தேன்."

அப்படியானால் வடிகட்டிதான், தண்ணீரோ அழுக்கோ அடைத்திருக்கும், எஞ்சினின் இடது பக்கம் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் மாதிரி இருக்கும், கழற்றிக் கொட்டிவிட்டு மாட்டுங்கள் என்றான் வேலாயுதம். அண்ணி பக்கத்தில் இருக்கிறார்களா, பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றான். அதற்குள் லைன் அறுந்து போயிற்று. கமலநாதன் இடுக்கியைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி எஞ்சினுக்குள் குனிந்தார்.

கப்பல் இப்போது கறுப்புப் புள்ளி இல்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்று படுத்துக்கொண்டே வருவது போல இருந்தது. மேலே பெட்டி பெட்டியாக, சிவப்பும் நீலமும் துருவும். முன்னால் தண்ணீரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு. அத்தனை பெரிதுக்கு ஒரு சத்தமும் இல்லை. 

இடுக்கி போட்டுத் திறந்தாராம். அந்த வார்த்தை அவள் காதில் நின்றுகொண்டது. வீட்டில் அவர் விரலாலேயே திறந்து மூடுகிற திருகு இன்று ஏன் இடுக்கி கேட்டது?

எண்ணெய்த் தொட்டி அவள் உட்கார்ந்திருந்த இருக்கைக்கு அடியில்தான் இருந்தது. அதை மறைத்து அவளுடைய பை, சாப்பாட்டு டப்பா, அவருடைய மாத்திரைப் பெட்டி எல்லாம் அடைந்து கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டுக் குனிந்தாள். சிவப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் இரண்டு விலாவும் பசித்த நாயின் வயிறு மாதிரி உள்ளே ஒட்டிப் போயிருந்தன. மூடியின் மேல் மஞ்சளாக, பொருக்குத் தட்டிய ஒரு மேடு. அதன் நடுவில் குங்குமம். திருகு இருந்த இடத்தைச் சுற்றி அந்த மேடு உடைந்திருந்தது. உடைந்த துண்டு வெளியே போகாமல் திருகோடு சேர்ந்து உள்ளே அழுந்தியிருந்தது.

சந்தனம். அவள் வைத்த சந்தனம்.

ஆயுத பூஜை போன புதன்கிழமை. காருக்கு வைத்தாயிற்று, தையல் மெஷினுக்கு, சிக்னல் வேலைக் காலத்து ஆயுதப் பெட்டிக்கு, கத்திக்கு, அரிவாள்மணைக்கு எல்லாம் வைத்தாயிற்று. படகு கிள்ளான் பக்கத்தில் இருந்தது. எஞ்சின் படகில் இருந்தது. வீட்டில் இருந்தது இந்தத் தொட்டி ஒன்றுதான். ஜெட்டியில் விட்டால் காணாமல் போகும் என்று ஒவ்வொரு வாரமும் அவர் காலி செய்து வீட்டுக்குத் தூக்கி வருவார். சரி, எஞ்சினுக்கும் படகுக்கும் சேர்த்து இதற்கே வைப்போம் என்று நினைத்தாள். விளக்கு பக்கத்தில் எண்ணெய்த் தொட்டியை வைக்காதே என்று அவர் சத்தம் போட்டதால், தனியாக வெளி நடைபாதையில் வைத்து அதற்கு மட்டும் சூடம் காட்டாமல் பூ போட்டாள். முழுப் படகுக்கும் ஆன சந்தனம் என்பதால் தாராளமாகவே வைத்தாள். உதிராமல் இருக்க ஒரு சிட்டிகை அரிசி மாவு கலந்து கெட்டியாகக் குழைப்பது அவள் வழக்கம். மூடியின் நடுவில் திருகு பொட்டு வைக்க வாகாக இருந்தது. இந்த மனிதரைப் பத்திரமாகக் கொண்டுவந்து விடு என்று வேண்டிக்கொண்டுதான் வைத்தாள். நாலு நாளில் அது சிமெண்டாகியிருந்தது.

சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த நேரம் கப்பல் ஊதியது.

ஒரு ஊதல் இல்லை. ஐந்து, அடுத்தடுத்து, வெட்டி வெட்டி. தண்ணீர் அதிர்ந்தது, படகின் தரை அதிர்ந்தது. அவள் கை தானாகவே மூடியைப் பிடித்துத் திருகியது. இறுக்கம். புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து மறுபடி திருகினாள். மூடி விட்டது. தொட்டி நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. ஒட்டிப்போன விலா இரண்டும் டொக்கென்று வெளியே வந்தன. கப்பல் சங்கு ஊதுகிற சத்தத்தில் கமலநாதனுக்கு அது கேட்டிருக்க வழியில்லை. அவர் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டிக்கொண்டிருந்தார். அவள் மூடியைத் தொளதொளவென்று மேலே வைத்துவிட்டுப் பைகளை முன்போலவே நகர்த்தினாள். எதற்காக நகர்த்தினாள் என்று பிறகு யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது.

"அந்த உருண்டைய இப்ப அமுக்கிப் பாருங்க," என்றாள்.

"இரு, இன்னும் மாட்டல."

"சீக்கிரம் மாட்டி அமுக்குங்க."

மாட்டினார். அமுக்கினார். ஒன்று, இரண்டு, ஐந்து. ஆறாவதில் கையை எதிர்த்து நின்றது உருண்டை. கல் மாதிரி. அவர் முகம் மலர்ந்தது. வடிகட்டிதான், நான் அப்பவே நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார்.

கட், என்றது எஞ்சின். மறுபடி கட். அவ்வளவுதான். பேட்டரி கடைசிச் சொட்டுவரை தீர்ந்திருந்தது.

கமலநாதன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆயுதப் பெட்டியிலிருந்து முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்தார். எஞ்சினின் மேலே சக்கரத்தில் அதைச் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்தால் கையாலேயே கிளப்பலாம். அவர் சுற்றத் தொடங்கியதும் லோகேஸ்வரிக்கு எல்லாம் ஒரே படமாகக் கண்முன் வந்தது. அந்தக் கயிறு, அந்த இழுப்பு, அந்த நெஞ்சுக்குள் இருக்கிற கம்பி.

"குடுங்க அத."

"லோகா, இது விளையாட்டு இல்ல. உனக்கு வராது."

"உங்களுக்கு வரும். வந்துட்டு அப்புறம்? நான் யாரோட திரும்புறது?" அவள் கயிற்றின் கைப்பிடியை அவர் கையிலிருந்து பிடுங்கவில்லை, ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். "ஆஸ்பத்திரி சலவையில இருபத்தாறு வருஷம் ஈர விரிப்ப மெஷினுக்குள்ள இருந்து இழுத்தவ நான். எங்க நிக்கணும், எப்படி இழுக்கணும், அத மட்டும் சொல்லுங்க."

கப்பலின் முன்பக்கம் தண்ணீரைத் தள்ளுகிற சத்தம் இப்போது கேட்டது. பெரிய மழை தூரத்தில் வருகிற மாதிரி. அவர் கப்பலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கியர் நடுவில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். ஒரு காலைப் பின்பலகையில் ஊன்று, முழங்கையால் இழுக்காதே, உடம்போடு பின்னால் சாய் என்றார்.

முதல் இழுப்பில் கயிறு கையோடு வந்துவிட்டது. அவள் பின்னால் போய் இருக்கையில் இடித்துக்கொண்டாள். அவர் மறுபடி சுற்றிக் கொடுத்தார். சுற்றுகிற விரல்கள் முடிச்சைப் பள்ளத்தில் சரியாக உட்கார வைத்தன. இரண்டாவது இழுப்பில் எஞ்சின் ஒரு முறை தும்மிவிட்டு அடங்கியது. அவர் மறுபடி கயிற்றைச் சுற்றினார். கப்பலின் நிழல் படகின் மேல் விழவில்லை என்றாலும் காற்று நின்று போயிற்று. அத்தனை பெரிய சுவர் எதிரே வந்திருந்தது. மேலே, எங்கோ வானத்தில், ஒருவன் கையை வீசி வீசிக் காட்டினான். போ, போ என்கிறான்.

மூன்றாவது இழுப்பின் போது அவள் எந்தச் சாமியையும் நினைக்கவில்லை. ஈர விரிப்பைத்தான் நினைத்தாள்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை அவள் முகத்தில் அடித்தது. கமலநாதன் முன்னால் தாவி ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்து, கியரைத் தள்ளி, படகைச் சிவப்பு மிதவைப் பக்கம் திருப்பினார். அடியில் தொங்கிய நங்கூரத்தை மேலே இழுக்க நேரமில்லாமல் அவள் ஆயுதப் பெட்டியிலிருந்த கத்தியால் கயிற்றையே வெட்டிவிட்டாள். முழு வேகத்துக்குப் போனபோது இருவரும் ஒரே நேரத்தில் எஞ்சினைத் திரும்பிப் பார்த்தார்கள். கம்மவில்லை, இருமவில்லை. மிதவையைத் தாண்டி, அதற்கும் அப்பால் ஒரு கூப்பிடு தூரம் போன பிறகுதான் அவர் வேகத்தைக் குறைத்து மூக்கைக் கப்பல் பக்கம் திருப்பி வைத்தார். அது விட்டுப்போகும் அலை பக்கவாட்டில் அடித்தால் படகு கவிழ்ந்துவிடும். கப்பல் அவர்கள் எதிரே கடந்து போக நெடுநேரம் எடுத்தது. அலை வந்தது. படகு ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. சாப்பாட்டு டப்பா திறந்து சோறு தரையெல்லாம் சிதறியது. அவ்வளவுதான்.

லோகேஸ்வரி மரின் போலீசுக்கு அடித்து, எஞ்சின் கிளம்பிவிட்டது, பத்திரமாக இருக்கிறோம் என்றாள். ஜெட்டி வரைக்கும் போனை அணைக்காதீர்கள் என்று மறுமுனையில் இருந்த பெண் அன்பாகச் சொன்னாள். தன் உள்ளங்கையில் கயிறு பதிந்த தடத்தை லோகேஸ்வரி அப்போதுதான் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது.

படகு கேரித் தீவுப் பக்கமாக ஜெட்டியை நோக்கி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கமலநாதன் சிரிப்பார், வடிகட்டியைப் பற்றிப் பெருமையடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது பேசினால் நல்லது என்றுகூட இருந்தது. அவரோ முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"வடிகட்டில ஒண்ணும் இல்ல, லோகா. ஒரு தூசிகூட இல்ல. நான் கொட்டிப் பாத்தேன், எண்ண சுத்தமாத்தான் வந்துச்சு."

அவள் தரையில் சிதறிய சோற்றை டப்பாவுக்குள் அள்ளினாள்.

"ஏன் நின்னுச்சு, ஏன் ஓடுதுன்னு எனக்குத் தெரியல. முப்பத்திரண்டு வருஷம் கோளாறு கண்டுபிடிக்கிறதே தொழிலா இருந்தவன். கப்பல் வந்து நிக்குது, நான் பிளாக்க தொடச்சிக்கிட்டு இருக்கேன்." வளையத்தைச் சற்றுத் திருப்பிப் பிடித்தார். "அன்னிக்கு மயக்கம் குடுத்துக் கீறுனாங்களே, அதோட மண்டையையும் எடுத்துட்டாங்க போல. நீ சொன்னது சரிதான். பேச்சு பேச்சுதான். வித்துடறேன்."

பூச்சோங்கில் சிவநேசன் என்று ஒருவர். இந்தப் படகின் மேல் மூன்று மாதமாகக் கண் வைத்திருந்தார். கமலநாதன் ஒரு கையால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவருடைய எண்ணைத் தேடினார். கண்ணாடி இல்லாமல் தேட நேரமானது.

லோகேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அவள் எந்தச் சாமியிடமும் கேட்டது இதைத்தான். இவர் கடலுக்குப் போகக் கூடாது. கேட்டது இப்போது கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான். மூடி பைகளுக்குப் பின்னால் இருந்தது. ஜெட்டியில் இறங்கியதும் ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். உயிரோடு இருப்பார். வீட்டில் இருப்பார்.

வீட்டில் இருப்பது என்றால் எப்படி என்பதும் அவளுக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதம் பார்த்திருக்கிறாள். டிவிக்கு எதிரே நாற்காலி, கையில் ரிமோட், டிவி போட்டிருக்காது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தூங்கச் சொன்னால் தூங்குவார். அன்றைக்காவது நெஞ்சுதான் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு?

போனில் மணி போகும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. ஒன்று. இரண்டு.

"அத வைங்க," என்றாள்.

"என்ன?"

"போன வைங்க. கோளாறு உங்க மண்டையில இல்ல." அவள் குனிந்து பைகளை ஒதுக்கினாள். தொட்டியின் மூடியை எடுத்து, உரிந்த உள்ளங்கையில் வைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அடிப்பக்கத் துளையில் சந்தனம் மெழுகு வைத்த மாதிரி அடைத்திருந்தது. "ஆயுத பூஜைக்கு நான் வச்சது. காத்து போற ஓட்டைய அடைச்சது நான்தான். நீங்க வடிகட்டியக் கழட்டிக்கிட்டு இருந்தப்ப மூடியத் தொறந்துவிட்டதும் நான்தான். தொறந்துட்டுச் சொல்லாம இருந்தேன்."

மூன்று. நான்கு.

கமலநாதன் மூடியைப் பார்த்தார். வளையத்திலிருந்து கையை எடுத்து அதை வாங்கி, கட்டைவிரல் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு அவள் உள்ளங்கையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று முப்பத்தைந்து வருஷம் பார்த்த முகத்தில் அவளால் படிக்க முடியவில்லை. திருப்ப ஆளில்லாத படகு தானாகக் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியது.

மணி நின்றது. சிவநேசன் எடுத்தார்.

"ஹலோ, கமலநாதன் அண்ணே, சொல்லுங்க லா. என்ன, படக எனக்கே குடுத்துடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"